காம்ப்ளிமென்ட் தடுப்பு மருந்துகள்: எந்த நோய்க்கு எது, யாருக்கு எது

பி.என்.எச். எனப்படும் சிவப்பணுச் சிதைவு நோயோ, சிறுநீரகத்தை முதன்மையாகத் தாக்கும் ஏ.எச்.யு.எஸ். என்னும் நுண்குழாய் உறைவு நோயோ இருப்பது உறுதியானதும், குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது, இருக்கிற மருந்துகளில் எது சிறந்தது என்பதைத்தான். 2007ஆம் ஆண்டில் ஒரே ஒரு மருந்தோடு தொடங்கிய இந்தத் துறையில், இன்று இரத்த நாளம் வழியாக ஏற்றுவது, தோலடியில் போட்டுக்கொள்வது, மாத்திரையாக விழுங்குவது எனப் பல மருந்துகள் வந்துவிட்ட நிலையில், அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் ஒரு நோய்க்குச் சரியான விடை மற்றொரு நோய்க்குத் தவறாக முடியலாம். ஒரே நோயிலும், மருந்து வேளையைத் தவறவிடாத வாழ்க்கைமுறை உள்ளவருக்குப் பொருந்துவது, வாரத்தில் இரண்டு இரவுப்பணி பார்ப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். இந்த இரண்டாவது வேறுபாட்டுக்கு மருத்துவ ஆலோசனைகளில் தரப்படும் இடம் போதவில்லை என்பது என் கருத்து; ஆகவே இக்கட்டுரையில் அதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

காம்ப்ளிமென்ட் என்பது நம் இரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் தொகுதி. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் இப்புரதங்கள், கிருமி எதிர்ப்பட்டதும் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் கிருமியின் மேலுறையில் துளையிடுகின்றன. எந்த வழியில் தொடங்கினாலும் இத்தொடர்வினை சி3 என்ற புரதத்தில் வந்து கூடி, அங்கிருந்து சி5க்குச் சென்று, துளையிடும் கூட்டமைப்பாக முடிகிறது. தொடக்க வழிகள் மூன்றனுள் மாற்று வழி எனப்படுவது, கிருமி இல்லாத வேளையிலும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பெருகுவதற்குக் காரணி பி, காரணி டி ஆகிய இரண்டும் தேவை. நம் சொந்த உயிரணுக்களை இந்தத் தாக்குதலிலிருந்து காப்பதற்கென்றே உயிரணுப் பரப்பிலும் இரத்தத்திலும் காவல் புரதங்கள் இருக்கின்றன.

பி.என்.எச். நோயில், எலும்பு மச்சையிலுள்ள ஒரு மூல உயிரணுவில் பிக்-ஏ என்ற மரபணு பழுதடைகிறது. அதன் வழித்தோன்றலான சிவப்பணுக்கள் சிடி55, சிடி59 என்ற காவல் புரதங்களைத் தம் மேற்பரப்பில் பொருத்திக்கொள்ள இயலாமல், சொந்தக் காம்ப்ளிமென்ட்டாலேயே இரத்த நாளத்துக்குள் உடைகின்றன. சிறுநீர் கருஞ்சிவப்பாவது, தீராத அசதி, வயிற்றுவலி, எல்லாவற்றுக்கும் மேலாக இரத்த உறைவு ஆகியவை இதன் விளைவுகள். இந்தப் பழுது பிறந்தபின் ஏற்படுவது. பெற்றோரிடமிருந்து வருவதுமில்லை, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்த ஒரு செய்தி தெரியாமல் தேவையற்ற துயரம் நேர்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஏ.எச்.யு.எஸ். அப்படியன்று. காரணி எச், காரணி ஐ, சிடி46 போன்ற காவல் புரதங்களின் மரபணுக்களில் பிறவியிலேயே குறை இருப்பதாலோ, காரணி எச்சுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொள்வதாலோ, நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் சேதமடைந்து, அங்கே உறைவுகள் உண்டாகிச் சிறுநீரகம் செயலிழக்கிறது. மரபணுக் குறை உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்றாலும், உடன்பிறந்தார் சிறுநீரகம் தானம் தர முன்வரும்போது இது மிக முக்கியமாகிவிடுகிறது.

மருந்துகளின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வாய்க்காலை எங்கே அடைக்கிறோம் என்று பார்த்தால் போதும். கடைமடையில் அடைப்பவை சி5 தடுப்பிகள். தலைமதகில் அடைப்பவை சி3, காரணி பி, காரணி டி ஆகியவற்றின் தடுப்பிகள். கடைமடையில் அடைத்தால் துளையிடும் வேலை மட்டும் நிற்கும். கிருமிகளுக்கு அடையாளம் ஒட்டும் மேல்மடை வேலை தொடரும். தலைமதகில் அடைத்தால் இரண்டும் குறையும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே நன்மை, தீமை இரண்டும் கிளைக்கின்றன.

பி.என்.எச்.: சி5 தடுப்பிகளுக்குள் ஒப்பீடு

முதற்கேள்வி, மருந்து இப்போதே தேவையா என்பது. மச்சைச் செயலிழப்போடு சிறிய அளவில் மட்டும் பி.என்.எச். உயிரணுக்கள் காணப்படுபவருக்கு, சிவப்பணுச் சிதைவு பெரிதாக இல்லாவிட்டால், கவனம் மச்சையின் மீதுதான் இருக்க வேண்டும். காம்ப்ளிமென்ட்டைத் தடுப்பதால் மச்சை சீராகாது. நோயை வேரோடு நீக்கக்கூடியது மூல உயிரணு மாற்று சிகிச்சை ஒன்றே. ஆனால் அதன் ஆபத்துகள் பெரியவை என்பதால், இன்று அது கடும் மச்சைச் செயலிழப்பு உள்ளவர்களுக்கென்றே பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. அதோடு, உறவினரிடம் பொருத்தம் அமையாத இந்திய வம்சாவளியினருக்குப் பதிவேடுகளில் கொடையாளர் கிடைப்பதும் எளிதன்று.

சிதைவு தெளிவாக இருப்பவர்களுக்கு மருந்தால் கிடைக்கும் பயன் ஐயத்துக்கு இடமில்லாதது. சொலிரிஸ் என்ற பெயரில் வந்த எக்குலிசுமாப், 87 நோயாளிகள் பங்கேற்று 2006இல் வெளியான ஆய்வின் அடிப்படையில், 2007 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முந்தைய காலத்தில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிப்பேர் சுமார் பத்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள் என்றும், அவ்விறப்புகளுக்கு முதன்மைக் காரணம் இரத்த உறைவு என்றும் பழைய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. எக்குலிசுமாப் எடுத்த 79 பேரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில், அவர்களுடைய ஆயுள் அதே வயதுடைய பொதுமக்களின் ஆயுளை ஒத்திருந்தது. ஒப்பீடு எதுவாயினும் இதுவே அடித்தளம்.

எக்குலிசுமாப்பின் குறை அதன் கால அட்டவணையில் இருக்கிறது. முதல் நான்கு வாரங்கள் வாரம் ஒருமுறை 600 மில்லிகிராம், ஐந்தாம் வாரம் 900, பிறகு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 900 என்று ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். ஆண்டுக்கு 26 முறை மருத்துவமனையில் நாற்காலியில் அமர்வதென்பது, வேலைக்குப் போகிறவருக்கு விடுப்புக் கணக்காகவும், ஊருக்குப் போய்வர நினைப்பவருக்குத் தடையாகவும் மாறுகிறது. சிங்கப்பூரில் வாழ்பவர் பொங்கலுக்கோ குடும்பத் திருமணத்துக்கோ மூன்று வாரம் தமிழ்நாட்டில் இருக்க விரும்பினால், நடுவில் ஒரு தவணையை எங்கே ஏற்றிக்கொள்வது என்பதே பெரும் ஏற்பாடு.

அல்டோமிரிஸ் என்ற ராவுலிசுமாப், எக்குலிசுமாப்பின் நான்கு அமினோ அமிலங்களை மாற்றி உருவாக்கப்பட்டது. அதனால் அது உடலில் தங்கும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகி, உடல் எடைக்கேற்ற அளவில் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றினால் போதும் என்றாகிறது. புதிய நோயாளிகள் 246 பேரிடமும், ஏற்கெனவே எக்குலிசுமாப் எடுத்த 195 பேரிடமும் நடந்த இரு ஆய்வுகளிலும் அது எக்குலிசுமாப்புக்குக் குறைந்ததாக இல்லை. எட்டு வாரத் தவணையின் முடிவில் மருந்தின் அளவு குறைந்து மீண்டும் சிதைவு தலைகாட்டுவதும் அதில் குறைவு. இரண்டும் கிடைக்கும் இடத்தில், செலவு ஒத்துவருமானால், வயதுவந்த நோயாளிக்கு எக்குலிசுமாப்பைத் தேர்வதற்குக் காரணங்கள் மிகச் சில. அவற்றுள் வலுவானது கருத்தரிப்பு. 61 பெண்களின் 75 கர்ப்பங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், எக்குலிசுமாப் எடுத்த தாய்மார் ஒருவரும் இறக்கவில்லை, முன்னர் பி.என்.எச். நோயில் கர்ப்பம் என்றாலே அஞ்சப்பட்ட நிலையை அது மாற்றியது. இத்தகைய நீண்ட அனுபவம் மற்ற மருந்துகளுக்கு இன்னும் சேரவில்லை. ஆகவே ஓரிரு ஆண்டுகளில் குழந்தை பெற விரும்பும் பெண், மருந்து மாற்றுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்வது நல்லது.

மற்றொரு காரணம் விலை. எக்குலிசுமாப்பின் ஒப்புமருந்துகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2024இல் இரண்டு ஒப்புதல் பெற்றன. மூல மருந்து அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு நான்கு லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விற்கப்பட்ட ஒன்று என்பதை நினைத்தால், ஒப்புமருந்து கிடைக்கும் நாட்டில் இரண்டு வாரத் தவணையின் சிரமத்தை ஏற்றுக்கொள்வது அறிவார்ந்த முடிவாகவே இருக்கலாம்.

மூன்றாவதான குரோவாலிமாப், 2024இல் ஒப்புதல் பெற்றது. தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தோலடியில் போட்டுக்கொள்ளலாம் என்பதால், பழகிக்கொண்டால் வீட்டிலேயே முடித்துவிடலாம். நாளம் கிடைக்காமல் தாதியர் மூன்று நான்கு இடங்களில் குத்திப்பார்க்க நேரும் நோயாளிக்கு இது சிறிய நன்மையன்று. எக்குலிசுமாப் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மரபணு வேறுபாடு உள்ள சிலருக்கு அந்த மருந்தும் ராவுலிசுமாப்பும் வேலை செய்வதில்லை. ஜப்பானியரில் சுமார் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வரிடம் காணப்படும் இந்த வேறுபாடு உள்ளவர்களிடமும் குரோவாலிமாப் செயல்படுகிறது. மற்றொரு சி5 தடுப்பியிலிருந்து இதற்கு மாறும்போது, இரு மருந்துகளும் சி5உம் சேர்ந்து கூட்டுத்துகள்களாகி, சில வாரங்களுக்குத் தோல்தடிப்பும் மூட்டுவலியும் உண்டாக்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இரத்தச்சோகை தீராவிட்டால்

சி5 தடுப்பி எடுத்தும் ஹீமோகுளோபின் 8, 9 கிராமிலேயே நிற்கும் நோயாளிகள் குறைவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று அவர்கள் மனம் தளர்கிறார்கள். நடப்பது வேறு. நாளத்துக்குள் உடையாமல் தப்பிய சிவப்பணுக்களின் மேல் சி3 துணுக்குகள் ஒட்டிக்கொண்டே போகின்றன. அடையாளம் ஒட்டப்பட்ட அந்த அணுக்களைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து அழிக்கின்றன. நாளத்துக்குள் சிவப்பணுக்கள் உடைவதைக் காட்டும் எல்டிஎச் அளவு கட்டுக்குள் இருக்க, இளம் சிவப்பணுக்களான ரெட்டிக்குலோசைட்டுகளின் எண்ணிக்கை மட்டும் உயர்ந்தே இருந்தால், மருத்துவர் முதலில் ஐயுறுவது இதைத்தான். தலைமதகில் அடைக்கும் மருந்துகளுக்கான உண்மையான இடம் இது.

பெக்செட்டாகோப்ளான் சி3ஐத் தடுக்கிறது. 2021இல் ஒப்புதல் பெற்றது. எக்குலிசுமாப் எடுத்தும் சோகை தீராத 80 பேரிடம் நடந்த ஆய்வில், 16 வாரங்களுக்குப் பிறகு இரு பிரிவினருக்கும் இடையிலான ஹீமோகுளோபின் வேறுபாடு டெசிலிட்டருக்கு 3.84 கிராம். இரத்தம் ஏற்றாமல் இருந்தவர்கள் பெக்செட்டாகோப்ளான் பிரிவில் 85 விழுக்காடு, எக்குலிசுமாப்பைத் தொடர்ந்த பிரிவில் 15 விழுக்காடு. வாரத்துக்கு இருமுறை, 1,080 மில்லிகிராம் மருந்தைச் சிறு பம்ப்பின் மூலம் வயிற்றுத் தோலடியில் செலுத்திக்கொள்ள வேண்டும். மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

இப்டாகோபான் காரணி பியைத் தடுக்கும் மாத்திரை. 200 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. 2023 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் ஆய்வில், சி5 தடுப்பியோடு சோகையும் இருந்த 97 பேர் பங்கேற்றனர். மாத்திரைக்கு மாறியவர்களில் மதிப்பிடத்தக்க 60 பேரில் 51 பேருக்கு, இரத்தம் ஏற்றாமலே ஹீமோகுளோபின் 2 கிராமோ அதற்கு மேலோ உயர்ந்தது. பழைய மருந்தைத் தொடர்ந்த 35 பேரில் ஒருவருக்கும் அவ்வாறு உயரவில்லை. டானிகோபான் காரணி டியைத் தடுக்கும் மாத்திரை. ஆனால் அது தனித்து நிற்பதன்று, எக்குலிசுமாப் அல்லது ராவுலிசுமாப்போடு சேர்த்து நாளுக்கு மூன்று வேளை எடுப்பது.

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லாரும் மாத்திரைக்கே மாறிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் நான் நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். தலைமதகு அடைப்பு நன்றாக வேலை செய்யும்போது, முன்பு அழிந்துவந்த பி.என்.எச். சிவப்பணுக்கள் பெருமளவில் பிழைத்து இரத்தத்தில் நிறைகின்றன. மருந்து தவறினால் அத்தனையும் ஒருசேர உடையக்கூடும். அப்போதைய சிதைவு, மருந்தே தொடங்காத காலத்துச் சிதைவை விடக் கடுமையாக இருக்கலாம், இரத்த உறைவும் சேர்ந்து வரலாம். இப்டாகோபான் சில நாள்களிலேயே உடலைவிட்டு நீங்கும் மருந்து. ராவுலிசுமாப் எடுப்பவர் தவணைக்கு வராவிட்டால் மருத்துவமனைக்குத் தெரிந்துவிடும், அழைப்பு வரும். மாத்திரையைத் தவறவிட்டவரை யாரும் அழைப்பதில்லை. ஆண்டுக்கு 730 வேளைகள். சர்க்கரை நோய் மாத்திரையையே வாரத்தில் சில நாள் மறந்துவிடும் ஒருவர், ஊசி பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதற்கு மாறுவதை நான் ஆதரிக்கமாட்டேன். ராவுலிசுமாப்பில் ஹீமோகுளோபின் 11க்கு மேல் நிலைத்து, வேலைக்குப் போய்வரும் அளவுக்குத் தெம்பாக இருப்பவருக்கும் மாறுவதற்கு அவசரக் காரணம் எதுவும் இல்லை. மாறாக, மாதம் தவறாமல் இரத்தம் ஏற்றிக்கொண்டு, மாடிப்படி ஏறவும் முடியாதவர், மருந்து வேளையை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவராகவும் இருந்தால், அவர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்கு நியாயம் இல்லை.

மாறும்போது இடைவெளி விழக்கூடாது. எக்குலிசுமாப்பின் கடைசித் தவணையிலிருந்து ஒரு வாரத்துக்குள்ளும், ராவுலிசுமாப்பின் கடைசித் தவணையிலிருந்து ஆறு வாரத்துக்குள்ளும் இப்டாகோபான் தொடங்கப்பட வேண்டும். பெக்செட்டாகோப்ளான் என்றால் முதல் நான்கு வாரங்கள் பழைய மருந்தும் சேர்ந்தே ஓட வேண்டும். கொழுப்புக்காக ஜெம்ஃபைப்ரோசில் எடுப்பவர்களுக்கு இப்டாகோபான் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதையும் மருந்தாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஜெம்ஃபைப்ரோசில் இரத்தத்தில் இப்டாகோபானின் அளவை உயர்த்தக்கூடும். இப்டாகோபானோ கொழுப்பின் அளவை உயர்த்தக்கூடியது. எனவே கொழுப்பு மருந்தைப் பற்றிய பேச்சு எப்படியும் வரும்.

காய்ச்சல்

இம்மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான ஆபத்து, மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி. துளையிடும் கூட்டமைப்பு இல்லாத உடலில் இக்கிருமியால் நோய்வரும் வாய்ப்பு ஆயிரம் முதல் இரண்டாயிரம் மடங்கு வரை கூடுகிறது. தலைமதகு மருந்துகளில் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி ஆகிய கிருமிகளும் இப்பட்டியலில் சேர்கின்றன. மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தடுப்பூசிகள் போடப்பட வேண்டும். காத்திருக்க முடியாத அவசரமென்றால் எதிர்க்கிருமி மருந்தோடு தொடங்குவார்கள். ஹஜ் யாத்திரைக்காக, மெனிங்கோகாக்கஸின் நான்கு வகைகளுக்கான ஏசிஒய்டபிள்யூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் நம் சமூகத்தில் பலர் உண்டு. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி டபிள்யூ135 வகைக் கிருமி பரவியபோது சிங்கப்பூரும் பாதிக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு தடுப்பூசி போதாது. பி வகைக்கான தடுப்பூசி தனி. இரண்டும் போட்டபின்னும் நோய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே காய்ச்சல் என்றதும் வீட்டிலும் பலதுறை மருந்தகத்திலும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கி. பேனடால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பது எல்லாருக்கும் பழக்கமான நடைமுறை. காம்ப்ளிமென்ட் தடுப்பி எடுப்பவருக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, சிவந்த புள்ளிகள், காரணமற்ற நடுக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் அவசரசிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, இம்மருந்து எடுப்பதைக் காட்டும் நோயாளி அட்டையை முதலில் நீட்ட வேண்டும். அட்டை பணப்பையில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை.

ஏ.எச்.யு.எஸ்.: நேரமும் நிறுத்தமும்

இந்த நோயில் மருந்துப் பட்டியல் சிறியது. ஒப்புதல் பெற்றவை எக்குலிசுமாப்பும் (2011) ராவுலிசுமாப்பும் (2019). இங்கே ஒப்பிட வேண்டியது மருந்துகளைவிடக் காலத்தை. தட்டணுக்கள் குறைந்து, எல்டிஎச் உயர்ந்து, இரத்தப் படலத்தில் சிதைந்த சிவப்பணுக்கள் தென்பட்டு, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு நாளும் சிறுநீரகத் திசு இழப்பு. காய்ச்சலோடு தட்டணுக்கள் குறைந்தால் டெங்கி என்றே முதலில் கருதும் ஊரில், சிதைந்த சிவப்பணுக்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் உயிர்காக்கும். டிடிபி என்ற வேறொரு நோயை விலக்க ஏடிஏஎம்டிஎஸ்13 சோதனையும், குறிப்பிட்ட ஈ.கோலை வகையை விலக்க மலச் சோதனையும் அவசியம். முடிவு வரும்வரை வயதுவந்தோருக்குப் பிளாஸ்மா மாற்றம் தொடங்கப்படுவதுண்டு. சி5 தடுப்பிகளுக்கு முந்தைய காலத்தில், பிளாஸ்மா சிகிச்சை பெற்றும் ஏறத்தாழ பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தனர் அல்லது நிரந்தர டயாலிசிஸுக்குப் போயினர். எனவே நோய் உறுதியானால் சி5 தடுப்பியே முதல் தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு விதிவிலக்கை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியச் சிறுவர்களில் ஏ.எச்.யு.எஸ். நோயின் முகம் சற்றே வேறு. 2014இல் வெளியான இந்திய ஆய்வில், 246 சிறுவர்களில் 138 பேரிடம் காரணி எச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. ஐரோப்பிய நாடுகளில் இந்த விகிதம் மிகக் குறைவு. எதிர்ப்பொருளே காரணம் என்றால், பிளாஸ்மா மாற்றத்தால் அதை நீக்கி, பிரெட்னிசோலோன், சைக்ளோஃபாஸ்ஃபமைட் போன்ற நோயெதிர்ப்பு அடக்கிகளால் மீண்டும் உருவாகாமல் தடுக்கும் சிகிச்சை, எக்குலிசுமாப் எளிதில் கிட்டாத இந்தியாவில் நல்ல பலன் தந்திருக்கிறது. சிங்கப்பூரில் இந்திய வம்சாவளிக் குழந்தைக்கு இந்நோய் வந்தால், காரணி எச் எதிர்ப்பொருள் சோதனையை முதல் நாளிலேயே கேட்பது பொருத்தமானது. இதனால் விலையுயர்ந்த மருந்தே வேண்டாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. சிறுநீரகம் வேகமாகக் கெடும்போது இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவிட்டுப் பின்னர் ஒன்றைக் குறைப்பதே பாதுகாப்பானது. டிஜிகேஇ மரபணுக் குறையால் வரும் கைக்குழந்தைகளின் நோய்க்கோ காம்ப்ளிமென்ட் தடுப்பி உதவுவதில்லை.

பி.என்.எச். நோயில் மருந்து ஆயுள் முழுவதும், ஏ.எச்.யு.எஸ். நோயில் நிறுத்திப் பார்க்கலாமா என்பது நேர்மையான கேள்வி. சிறுநீரகம் தேறியபின் எக்குலிசுமாப்பை நிறுத்திய 55 பேரைப் பின்தொடர்ந்த பிரெஞ்சு ஆய்வில் 13 பேருக்கு நோய் திரும்பியது. அவர்கள் அனைவரும் காம்ப்ளிமென்ட் மரபணுக்களில் அரிய மாற்றம் உடையவர்கள். மாற்றம் இல்லாதவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆகவே மரபணுச் சோதனையின் முடிவு வருமுன் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது பொருளற்றது. முடிவு வந்தபின், மாற்றம் இல்லாதவர் ஆயுள் முழுவதும் மருந்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் வலுவான காரணம் இல்லை. நிறுத்துகிறவர் வீட்டில் சிறுநீர்ச் சோதனைத்தாள் வைத்திருக்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களில், காரணி எச் போன்ற ஆபத்து மிகுந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நான் நிறுத்தப் பரிந்துரைக்கமாட்டேன். திரும்பும் நோய் புதிய சிறுநீரகத்தையும் அழித்துவிடும்.

சி3 குளோமருலோபதியும் ஐஜிஏ சிறுநீரக நோயும்

சிறுநீரகத்தின் வடிகட்டிகளான குளோமருலஸ்களில் சி3 படிவதால் வரும் சி3 குளோமருலோபதிக்கு 2025இல் இரு மருந்துகள் அமெரிக்க ஒப்புதல் பெற்றன: மார்ச்சில் இப்டாகோபான் வயதுவந்தோருக்கு, ஜூலையில் பெக்செட்டாகோப்ளான் 12 வயது முதல். முதலாவதன் ஆய்வில் 74 பேர், ஆறு மாதத்தில் சிறுநீர்ப் புரதம் போலி மருந்தைவிட 35 விழுக்காடு குறைவு; இரண்டாவதில் 124 பேர், 68 விழுக்காடு குறைவு. இரு ஆய்வுகளிலும் பங்கேற்றோர் வேறு வேறு தன்மையர் என்பதால், 68 என்பது 35ஐப் போல இருமடங்கு நல்லது என்று கணக்குப் போடுவது தவறு. பதின்ம வயதினருக்கும், மாற்றுச் சிறுநீரகத்தில் நோய் திரும்பியவர்களுக்கும் பெக்செட்டாகோப்ளான் பக்கம் சான்று கூடுதலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் அதே வடிகட்டிகளில் படிவதால் வரும் ஐஜிஏ நோய் அரியதன்று. சிங்கப்பூரில் குளோமருலஸ் அழற்சிகளில் பரவலானது அதுவே. அதற்கு 2024இல் இப்டாகோபான் பெற்ற ஒப்புதல், ஒன்பது மாதத்தில் சிறுநீர்ப் புரதம் போலி மருந்தைவிட 38 விழுக்காடு குறைந்ததன் அடிப்படையிலானது. இரத்த அழுத்த மருந்து, எஸ்ஜிஎல்டி2 மாத்திரை, உப்பைக் குறைத்தல், புடெசொனைட், ஸ்பார்சென்டான் என்று படிகள் பல இருக்கையில், இதை முதற்படியாகக் கேட்பது சரியாகாது.

சிங்கப்பூரில் செலவு

மேலே சொன்ன ஒப்புதல்கள் அமெரிக்காவுக்குரியவை. குறிப்பிட்ட மருந்து, குறிப்பிட்ட நோய்க்கு இங்கே பதிவாகியிருக்கிறதா என்பதைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பதிவேட்டில் பார்க்க வேண்டும். பதிவாகாத மருந்தை ஒரு குறிப்பிட்ட நோயாளியின் பெயரில் மருத்துவர் தருவித்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி வழி இருக்கிறது; ஆனால் அப்படி வரும் மருந்துக்கு மானியம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. மானியப் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கும் மருந்து உதவி நிதிக்கு உட்பட்ட மருந்துகளுக்கும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை உதவி கிட்டும். அரிய நோய் நிதி 2019 ஜூலையில் தொடங்கப்பட்டது. பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. எல்லா அரிய நோய்களும் அதில் அடங்குவதில்லை. தொடக்கத்தில் மூன்று நோய்கள் மட்டுமே இருந்தன. உங்கள் நோய் இப்போது அதில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஷீல்டு திட்டக் காப்புறுதி உள்ளவர்கள், உள்நோயாளியாக ஏற்றும் மருந்துக்கும் வெளிநோயாளியாக ஏற்றும் மருந்துக்கும் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் மாத்திரைக்கும் தனித்தனியே என்ன ஈடு என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மாத்திரை வசதியானது என்றாலும், காப்புறுதி ஈடுசெய்யாத மாத்திரையைவிட ஈடுசெய்யும் ஊசியே குடும்பத்தைக் காப்பாற்றும். நோய் தெரிந்தபின் தனியார் திட்டத்தை மாற்றினால், முன்பே இருந்த நோய் என்று புதிய நிறுவனம் விலக்கிவிட வாய்ப்புண்டு.

வேலை அனுமதியில் இருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளருக்கு இந்த மானியங்கள் பொருந்தா. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அதுவும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைக்கும். ஏ.எச்.யு.எஸ். நோயின் முதல் வாரத்துக்கே அது போதாமல் போகலாம். அத்தகையவருக்கு எதைத் தொடங்குவது என்று முடிவெடுக்கும்போதே, எப்போது, எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் தொடர்வது என்பதையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்கு முன் மரபணு மாதிரியும் காரணி எச் எதிர்ப்பொருள் மாதிரியும் எடுக்கப்பட்டு, தடுப்பூசிகள் போடப்பட்டு, கடைசித் தவணையின் தேதி, அளவு, கிரியாட்டினின், தட்டணு எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்ட கடிதம் அவர் கையில் இருந்தால், மதுரையிலோ திருச்சியிலோ அவரைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.